கண்ணாடிப் பெட்டிக்குள் என் பெயர்

சாந்தி, பாஸ்கர்,

போன வாரம் பத்திரிகையில் இந்தத் தொடரில் நான் எழுதியதை நீங்கள் இருவரும் சத்தம் போட்டு வாசித்தீர்கள். உங்கள் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கேட்டாள். ஆம்பூர் சுண்ணாம்புச் சூளையில் மேஸ்திரியாக இருந்த எனக்கு மெட்ராஸ் கல்லூரியில் எப்படி வேலை கிடைத்தது என்ற பகுதி அது. சாந்தி அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

அதில் ஒரு பொய் இருக்கிறது. சின்னப் பொய் இல்லை. அதன் மேல்தான் நம் வீடு நிற்கிறது.

சாந்தி, நீ உன் பள்ளித் தோழிகளைக் கல்லூரிக் காட்சி அறைக்குக் கூட்டிவந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அட்டையைக் காட்டி, "எங்கப்பா கண்டுபிடிச்சது" என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? நான் துடைப்பத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் போன வாரம் எழுதினேன். இந்த வாரம் மற்றதை எழுதுகிறேன்.

மூன்று பல்

ஒரு முற்பகல். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சூளைக்கு வெளியே கல் உடைக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாயிலும் மூக்கிலும் ஈரத்துணி. சுத்தியல் சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு சுத்தியல் நின்றது.

"மேஸ்திரி, இங்க வா. இன்னா இதுன்னு பாரு."

கன்னியம்மா. அவள் உண்மைப் பெயர் அது இல்லை. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

அவள் கையில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கல். சாம்பல் மண் பூசியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் பிளந்து, உள்ளே பழுப்பாக மூன்று முனைகள் பளபளத்தன. ஒவ்வொன்றும் என் கட்டை விரல் நீளம். ஒரே வரிசையில், கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்து.

"பல்லு" என்றாள்.

"கல்லுல ஏது பல்லு?"

"கூலி கேட்டா நம்ப முதலாளி கடிக்கற மாதிரி எதுவோ கடிச்சிருக்கும். அப்படியே கல்லாயிட்டுது."

பக்கத்தில் இருந்த பெண்கள் துணிக்குள்ளேயே சிரித்தார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உடைச்சுப் போடு" என்றேன். அவள் உடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

நத்தை போல் சுருண்ட கல், சிப்பி படிந்த கல், இப்படி அவள் முன்பே ஒரு கூடை ஒதுக்கி வைத்திருந்தாள். மற்றவர்களுக்கு எல்லாக் கல்லும் ஒன்றுதான். அவளுக்கு அப்படி இல்லை.

"எந்த மண்ணு ஒட்டின கல்லுல இன்னா இருக்கும்னு எனக்குத் தெரியும் மேஸ்திரி. மஞ்ச மண்ணு ஒட்டினதுல..."

"சரி சரி, வேலையைப் பாரு."

முழுதாகக் கேட்டிருக்கலாம். அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

சுண்ணாம்பு இல்லாத வேலை

மெட்ராஸில் பிறந்த உங்களுக்கு இது புரியாது. தோல் ஊரில் சுண்ணாம்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது. வாங்கி வந்த தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப் போட்டால்தான் மயிர் கழலும். யுத்தகாலத்தில் பூட்ஸுக்கும் பெல்ட்டுக்கும் ஆர்டர் குவிந்து, எங்கள் பக்கத்துக் கல் போதாமல் போனது. திருச்சி ஜில்லாவிலிருந்து சின்ன லைன் ரயிலில், மீட்டர் கேஜ் வேகனில், காட்பாடிக்குக் கல் வரும். அங்கிருந்து லாரியில் ஆம்பூர். யுத்தம் முடிந்தும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது.

அந்தக் கல்லை உடைத்து, கரியோடு அடுக்கி, சுட வேண்டும். சுட்ட கல் மேல் தண்ணீர் பட்டால் கொதிக்கும். அந்தத் தூள் தோலில் பட்டால் எரியும். கண்ணில் பட்டால்?

கன்னியம்மாவுக்குப் பட்டிருந்தது. இடது கண்ணில் வெள்ளையாக ஒரு படலம். வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், சுண்ணாம்பை விட்டு விலகாவிட்டால் வலது கண்ணும் போய்விடும் என்று சொல்லியனுப்பினார்.

"டாக்டர் நல்லாத்தான் சொன்னாரு" என்று அவள் என்னிடம் சொன்னாள். "சுண்ணாம்பு இல்லாத வேலை எங்க இருக்குதுன்னு சொல்லலை. இந்த ஊருல குழியில எறங்கினா சுண்ணாம்பு, தோலைத் தூக்கினா சுண்ணாம்பு, மயிரைக் கழுவினா சுண்ணாம்பு. டாக்டர் வூட்ல பாத்திரம் கழுவலாம்னா, எங்க தெருக்காரி தொட்ட பாத்திரத்துல அவங்க சமையல்காரி சமைக்க மாட்டாளாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். புருஷன் இல்லை. பிள்ளையும் இல்லை. அக்காள் மகன் ஒருவன் உண்டு, அவனும் சின்னப் பையன். அவளுக்கு என்று இருந்தது அந்த வலது கண்.

கல் பொறுக்கும் வாத்தியார்

காசிம் பாய் முதலாளியின் ஆள். குவாரிக்குப் போய் நின்று, கல்லை வேகனில் ஏற்றி அனுப்புகிறவர். மாதம் ஒரு தரம் ஊருக்கு வருவார். வந்தால் சூளையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அப்படி வந்தவர் கன்னியம்மாவின் கல்லைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"மெட்ராஸ் காலேஜ் வாத்தியார் ஒருத்தர் குவாரி குவாரியா நடக்கறாரு. வெயில்ல தொப்பி போட்டுக்கினு கல்லு பொறுக்கறாரு. ஏதாச்சும் வித்தியாசமா கெடைச்சா எழுதுங்கன்னு எல்லாருக்கும் விலாசம் குடுத்திருக்காரு. எனக்கும் குடுத்தாரு."

"எதுக்காம்?" என்றேன்.

"அந்தக் காலத்துல அங்க கடல் இருந்துச்சாம். கடல்ல இருந்ததுங்க எல்லாம் கல்லாப் போயிட்டுதாம். கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணு, கழுவக் கூடாதாம். மண்ணோட அப்படியே குடுக்கணுமாம். உருளைக்கிழங்குகூட எவனும் மண்ணோட வாங்க மாட்டான், இந்த ஆளு கல்லை மண்ணோட கேக்கறாரு."

கன்னியம்மா சிரிக்கவில்லை. கல்லைத் திருப்பி அதில் ஒட்டியிருந்த சாம்பல் மண்ணைக் காட்டி, "பாய், இது எந்தக் குழி?" என்று கேட்டாள். காசிம் பாய் ஏதோ சொன்னார். நான் நின்று கேட்டிருக்க வேண்டும். அதற்குள் சூளை வாய்ப் பக்கம் யாரோ கூப்பிட, நான் போய்விட்டேன்.

கடிதம்

அன்று சாயங்காலமே அவள் கேட்டாள்.

"மேஸ்திரி, அந்த வாத்தியாருக்கு ஒரு காயிதம் எழுதிக் குடு. கன்னியம்மா கண்டெடுத்தான்னு எழுது. எங்கிட்ட இன்னும் ஒரு கூடை இருக்குதுன்னு எழுது."

எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுப்பது எங்கள் சூளையில் வழக்கம். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதுவும் வழக்கம். அவர்களுக்கு அதைவிட்டால் வேறு சாட்சி இல்லை.

நான் எழுதியது இது: ஐயா, நான் ஆம்பூர் சுண்ணாம்புச் சூளையில் மேஸ்திரி. எட்டாம் வகுப்பு தேறியவன். பல் வரிசை பதிந்த ஒரு கல்லைக் கண்டெடுத்திருக்கிறேன்.

நான் படித்துக் காட்டியது இது: ஐயா, எங்கள் சூளையில் கல் உடைக்கும் கன்னியம்மாள் என்பவள் பல் வரிசை பதிந்த ஒரு கல்லைக் கண்டெடுத்திருக்கிறாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே ஒரு பதில் வைத்திருந்தேன். கல் உடைக்கிற ஒருத்தியின் பெயரில் எழுதினால் கல்லூரியில் படிக்காமலே கிழித்துப் போடுவார்கள், முதலில் ஆள் வரட்டும், வந்ததும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். நல்ல பதில்தான். அப்படியானால் படித்துக் காட்டும்போது ஏன் மாற்றிப் படித்தேன்?

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "கன்னியம்மாள்" என்ற இடம் வந்ததும், "இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன். இல்லாத ஒரு வரியை இரண்டு தரம் படித்தேன்.

பதில் பத்து நாளில் வந்தது. தாமே நேரில் வருவதாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: கல் பொறுக்கவும் காட்சி அறையைப் பார்த்துக்கொள்ளவும் கல்லூரியில் ஓர் ஆள் எடுக்க இருக்கிறார்கள், கண்டெடுத்தவருக்கு விருப்பமானால் பேசலாம்.

இதை மட்டும் மாற்றாமல் படித்தேன்.

அவள் ஈரத்துணியை முகத்திலிருந்து இறக்கினாள். "பொம்பளைய எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க."

"அங்க சுண்ணாம்பு இருக்குமா?"

"கண்ணாடிப் பெட்டிதான் இருக்கும்."

அவள் தன் வலது கண்ணைப் புறங்கையால் தொட்டுக்கொண்டாள்.

அப்பாவின் கத்தி

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உங்கள் தாத்தா தோல் பதனிடும் ஷாப்பில் சதை எடுக்கிறவர். உருண்டையான மரத்தின் மேல் தோலை விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் தள்ளுவார். சதை, கொழுப்பு, சவ்வு எல்லாம் கீழே விழும். "தோல்ல ஒட்டிக்கினு இருக்கறது எல்லாம் குப்பை. குப்பையோட ஒரு சரக்கு நம்ம கையை விட்டுப் போகக் கூடாது" என்பார். சரியாகச் சுரண்டாத தோலைத் தரம் பார்க்கிறவர் எல்லார் முன்னாலும் விசிறி எறிவார். ஊரில் அதைவிட அவமானம் கிடையாது.

அந்த ஊரில் வளர்ந்த எனக்கு, ஒரு பெரிய மனிதர் மெட்ராஸிலிருந்து வரும்போது மண் அப்பிய கல்லை நீட்டுவது என்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். கழுவக் கூடாது என்று காசிம் பாய் சொன்னது நினைவிருந்தது. அதை மரியாதைக்குச் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன். விருந்துக்கு வருகிறவர் "ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொல்வதில்லையா, அது மாதிரி.

அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, கன்னியம்மாவிடம் கல்லை வாங்கி, அப்பாவின் கத்தி முனையால் சாம்பல் மண்ணைச் சுரண்டி எடுத்தேன். பல் இடுக்கில் இருந்ததைக்கூட விடவில்லை. பிறகு கடுக்காய்த் தண்ணீரில் ஒரு பொழுது ஊறப் போட்டேன். தோலுக்கு அது நிறம் கொடுக்கும். கல்லுக்கு என்ன கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது. கறுத்துப் போயிற்று. எனக்கு அதுவே அழகாகப் பட்டது.

மறுநாள் காலை நான் சுரண்டிய இடத்தில் கன்னியம்மா குந்தியிருந்தாள்.

"இன்னா பொறுக்கற?"

"மண்ணு. கழுவாதன்னு அந்தாளு சொல்லியிருக்காரு, நீ பாட்டுக்குச் சுரண்டிப்பூட்ட. வாத்தியார் வந்து மண்ணு எங்கன்னு கேட்டா குடுக்கணுமில்ல."

நான் சிரித்தேன். அவள் ஒரு துணிக் கிழிசலில் அந்தச் சாம்பல் மண்ணை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஐந்து கேள்வி

பேராசிரியர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, தோளில் பை, கையில் ஒரு சின்னச் சுத்தியல். நம் பெண்கள் வைத்திருப்பதைவிடச் சின்னது. காசிம் பாய் குவாரியில் இருந்தார். கன்னியம்மாவை நான்தான் சூளையின் பின்பக்கம் இருக்கச் சொல்லியிருந்தேன்.

"சேலை பூரா சுண்ணாம்பு. நான் பேசிட்டுக் கூப்பிடறேன், அப்ப வா."

"மறந்துடாத, மேஸ்திரி."

அவள் இருபது அடி தள்ளி, கரிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தாள்.

"கடிதம் எழுதினது நீங்களா?" என்றார் பேராசிரியர்.

"நான்தான் சார்."

"கண்டெடுத்தது?"

இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். வாயும் திறந்தது. அவர் கையை நீட்டினார், குலுக்குவதற்காக. என் வாழ்க்கையில் அதுவரை யாரும் எனக்குக் கை நீட்டியதில்லை. அந்தக் கை சுத்தமாக இருந்தது.

"நான்தான் சார்."

கல்லைத் துணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. பல் வரிசையை விரலால் தடவினார். பெரிய கடல் பல்லியின் தாடையாக இருக்கலாம், இந்தப் பக்கத்தில் இப்படி ஒன்று தாம் பார்த்ததே இல்லை என்றார். பிறகு கல்லைத் திருப்பினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே மடங்கிப் போனது.

"இதை யாருப்பா கழுவினது?"

"நான்தான் சார்."

மூன்று கேள்விக்கும் ஒரே பதில். நடுவில் இருந்தது மட்டும் பொய்.

அவர் கோபப்படவில்லை. கரிக்கட்டியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுகைகள். "தாடை இங்க இருந்தா, மீதி உடம்பும் பக்கத்துலதான் இருக்கும். ஆனா எந்தக் குவாரி, எந்தப் படுகைன்னு தெரியணும். அதைச் சொல்றது இந்தக் கல்லு இல்லை, இதுமேல ஒட்டின மண்ணு. அதுல கண்ணுக்கே தெரியாத சிப்பிங்க இருக்கும். அது ஒரு விலாசம் மாதிரி. மண்ணு என்ன நிறம்னாவது ஞாபகம் இருக்கா?"

"மண்ணு நிறம்தான் சார்" என்றேன்.

"எந்தக் குழியில வந்த கல்லு?"

"தெரியாது சார்."

கரிக் குவியலுக்குப் பக்கத்தில் கன்னியம்மா இடுப்பு முடிச்சின் மேல் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். மண் அந்த முடிச்சில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். குரல் கொடுத்தால் அவள் வருவாள். வந்தால் கண்டெடுத்தது யார் என்று தெரிந்துவிடும்.

குரல் கொடுக்கவில்லை.

பேராசிரியர் பெருமூச்சு விட்டுக் கல்லைப் பையில் வைத்தார். போகும்போது என் தோளில் தட்டினார். "மண்ணு போனாலும் போகட்டும். உனக்கு நல்ல கண்ணு இருக்கு. அடுத்த மாசம் மெட்ராஸ் வந்து பாரு."

கார் கிளம்பிய தூசி அடங்குவதற்குள் கன்னியம்மா வந்துவிட்டாள்.

"கூப்பிடவே இல்லையே?"

"அவசரமா போயிட்டாரு. எழுதறேன்னாரு."

"மண்ணு கேட்டாரா?"

"கேக்கலை."

உங்கள் அம்மா அப்போது உங்கள் இருவருக்கும் மூத்த குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். தங்காமல் போன குழந்தை. சூளை மேஸ்திரி எவனும் இருமல் இல்லாமல் நாற்பதைத் தாண்டியதில்லை. எனக்கும் அங்கிருந்து தப்ப வேண்டியிருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததில் இதுவும் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து, திருப்பத்தூரில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் ரயில் ஏறினேன்.

மண்ணைக் கழுவுகிறவர்கள்

கல்லூரியில் என் வேலை என்ன என்று கேட்பீர்கள். பெட்டிகளைத் துடைப்பது, கற்களுக்கு எண் ஒட்டுவது. அதோடு, சாக்கில் வரும் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டி, காயவைத்துக் கொடுப்பது. இளம் விரிவுரையாளர்கள் அந்தத் தூளைப் பூதக்கண்ணாடிக் கருவிக்கு அடியில் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பார்கள். ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னார்கள்.

பார்த்தேன். கடுகில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத சிப்பிகள். சுருள் சுருளாக, மணி கோத்தது போல, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இந்தச் சுருள் இருந்தால் இந்தக் காலம், அந்த மணி இருந்தால் அந்தக் காலம் என்று பிரிக்கிறார்கள். இப்போது நடக்கிற ஆராய்ச்சி பெரும்பாலும் இதுதான். பெரிய எலும்பைவிட இந்தத் தூளுக்குத்தான் அங்கே மதிப்பு.

நான் சுரண்டி எறிந்தது எது என்று அன்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாக்கு மண்ணையும் கரைக்கும்போது தெரிந்துகொண்டே இருந்தேன். அந்தச் சம்பளத்தில்தான் உங்களுக்குப் புத்தகம் வாங்கினேன்.

தாடைக்கல் கண்ணாடிப் பெட்டிக்குப் போயிற்று. டைப் அடித்த அட்டை: கடல் பல்லியின் தாடை. கிடைத்த இடம் தெரியவில்லை. கண்டெடுத்தவர்: கோ. மாணிக்கம், ஆம்பூர்.

பேராசிரியர் ஓய்வு பெறும் வரை அந்த இரண்டாவது வரியைப் பார்க்கும்போதெல்லாம் உச்சுக்கொட்டுவார். மூன்றாவது வரியை யாரும் பார்ப்பதில்லை, என்னைத் தவிர. பிறகு சாந்தி பார்த்தாள்.

ஆட்டு மயிர்

போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போனேன். சூளை இருந்த இடத்தில் இப்போது லாரி ஷெட். வாசலில் காசிம் பாய் உட்கார்ந்திருந்தார். தாடி முழுதும் வெள்ளை. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"காலேஜ்காரரா?" என்றார். "நீ போனப்புறம் குவாரியில அந்த வாத்தியாரைப் பார்த்தேன். மேஸ்திரி கண்டெடுத்தாருன்னு அவரே சொன்னாரு. நான் ஒண்ணும் சொல்லலை. கன்னியம்மாகிட்டதான் வந்து சொன்னேன். அந்தப் பக்கம் ரெண்டாவது சந்து. போறதானா போ."

கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து, சுண்ணாம்புக் குழியிலிருந்து வாரிக் கழுவிய ஆட்டு மயிரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முரட்டு மயிர் ஒரு பக்கம், மெல்லியது ஒரு பக்கம். விரலால் தடவித் தடவிப் பிரித்தாள். இரண்டு கண்ணும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தன.

"கன்னியம்மா" என்றேன்.

விரல் நின்றது. முன்பு சுத்தியல் நின்ற மாதிரி.

"மேஸ்திரி" என்றாள். பிறகு, "இல்ல, இப்ப நீ சார் ஆச்சே?" என்றாள்.

அவளே கேட்டாள்.

"பசங்க எத்தினி?"

"ரெண்டு."

"படிக்குதுங்களா?"

"படிக்குதுங்க."

"படிக்கட்டும். அதுங்களுக்கு இன்னா தெரியும்."

மண் என்ன ஆயிற்று என்று கேட்டேன். எனக்கு வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"நீ திருப்பத்தூருக்குப் போறேன்னு போனியே, அப்புறம் கூட வெச்சிருந்தேன். பாய் வந்து சொன்ன அன்னிக்கு சூளையில கொட்டிட்டேன். சாம்ப மண்ணு. ஏரிக்கு அந்தாண்ட, ஒத்தப் பனை நிக்கற குழி. அங்க மட்டும்தான் அந்த மண்ணு. மஞ்ச மண்ணுக் கல்லுல நத்தை இருக்கும், சாம்ப மண்ணுல பல்லு இருக்கும். அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ கேக்கலை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை மாற்றிப் படித்ததையும் சொன்னேன். அது ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. மயிர் பிரிக்கும் கை மறுபடி நின்றது.

"ரெண்டு வாட்டி படிச்சியே" என்றாள்.

"உன் பேரை அந்த அட்டையில எழுத வைக்கிறேன். காலேஜ்ல சொல்லி..."

"வேணாம்."

"கன்னியம்மா..."

"எம் பேரை எழுதிட்டு நீ நிம்மதியாத் தூங்கப் பாக்கறியா? அதெல்லாம் வேணாம். எழுதினா எனக்குப் படிக்கத் தெரியாது, படிச்சுக் காட்டறேன்னு நீ வருவ. உன்னை நம்பி நான் இன்னொரு வாட்டி கேக்கணுமா? போ. நெழல் மறைக்குது."

அவளுக்கு நிழல் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நகர்ந்துகொண்டேன்.

மெட்ராஸ் வந்ததும் இளம் விரிவுரையாளர் ஒருவரிடம் ஒற்றைப் பனைக் குழியைப் பற்றிச் சொன்னேன். அவர் அடுத்த மாதமே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பனை இருக்கிறது. குழியில் தண்ணீர் நிற்கிறது. சாம்பல் மண் படுகை முழுவதையும் சிமெண்டுக்கு வெட்டி எடுத்து வருடக்கணக்காகிறதாம். மீதித் தாடை, முதுகு, வால் எல்லாம் அரைபட்டு மூட்டையில் போய்விட்டது. எந்த வீட்டுச் சுவரில் பூசியிருக்கிறார்களோ.

"இவ்வளவு நாள் கழிச்சு எப்படி ஞாபகம் வந்துச்சு, மாணிக்கம்?" என்றார். உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவேட்டுல ஏறிட்டுது. இப்ப போய் எதுக்கு? எல்லா இடத்துலயும் நடக்கறதுதான், விடுங்க" என்றார்.

விட்டுவிட்டேன். அதோடு நிற்காமல், போன வாரம் அதே பொய்யைப் பத்திரிகையிலும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை

சுவரில் சாந்தி ஒட்டிய காகிதத்தின் கீழ்தான் ஐந்து நாளாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காட்சி அறைக்கு விடுமுறை. பெருக்குவதற்காக நான் மட்டும் போவேன். நேற்றும் போனேன். ஜன்னல்களைத் திறந்து, பெருக்கி, தண்ணீர் தெளித்தேன். பிறகு அந்தப் பெட்டியின் பூட்டைத் திறந்து அட்டையை வெளியே எடுத்தேன். சவர பிளேடு ஒன்று சட்டைப் பையில் இருந்தது.

தரையில் உட்கார்ந்து, அட்டையை முழங்கால் மேல் வைத்து, என் பெயரைச் சுரண்டினேன். அப்பாவின் கை எனக்கு உண்டு. ஒரு புள்ளி விடாமல் சுரண்டினேன். 'கோ' போனது, 'மாணிக்கம்' போனது, ஊர் போனது. 'கண்டெடுத்தவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெளுத்துப்போன ஒரு தடம் மட்டும் மிஞ்சியது. அங்கே எதையும் எழுதவில்லை. எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

அட்டையை உள்ளே வைத்துப் பூட்டினேன். சுரண்டி விழுந்த காகிதத் தூள் தரையில் கிடந்தது. ஒரு சிட்டிகைகூட இருக்காது. துடைப்பத்தை எடுத்தேன். பிறகு அதை ஓரமாகச் சாத்திவிட்டுக் குந்தி, விரலால் அந்தத் தூளைப் பொறுக்கத் தொடங்கினேன். முழுவதும் பொறுக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று.